பேத்தியின் பெயர்: ஊவாத் தோட்டப் பெண்பெயர்களின் வேரும் பொருளும்

1. கேள்வி

பூனாகலை என்ற ஊர்ப்பெயரை முதன்முறை கேட்கும் தமிழர் அதன் ஈற்றில் 'கலை'யைக் கேட்பார். லுணுகலை, ராகலை, கபரகலை என இலங்கை மலையகத்தில் இவ்வாறு முடியும் ஊர்கள் பல. இந்தக் 'கலை'க்கும் ஆடல் பாடலுக்கும் உறவில்லை. சிங்களத்தில் 'கல' என்றால் கல், பாறை. தோட்டத் தமிழரின் நாவில் அது ஐகாரம் ஏறித் தமிழ்ச்சொல்லாகிவிட்டது. அதே பூனாகலையில், காலையில் தொழிலாளர் கூடும் பிரட்டுக்களத்தில் கலைச்செல்வி, கலைவாணி என்ற பெயருடைய பெண்கள் நிற்கக்கூடும். அவர்கள் பெயரில் உள்ள கலை, வடமொழிக் 'கலா' தமிழில் வழங்கும் வடிவம். ஊர்ப்பெயரில் பாறை, ஆள்பெயரில் கல்வி. காதுக்கு இரண்டும் ஒன்றே.

ஒரு சொல்லின் வேர் தெரிந்துவிட்டால் பெயரின் பொருள் தெரிந்துவிட்டதாக நாம் நம்புகிறோம். குழந்தைப் பெயர் நூல்களும் பெயருக்கு எதிரே ஒரு வரிப் பொருள் எழுதி முடித்துக்கொள்கின்றன. ஊவா மாகாணத்தின் பதுளை மாவட்டத் தோட்டங்களில் சில தலைமுறைகளாக வழங்கிவரும் பெண்பெயர்களை வைத்து இந்த நம்பிக்கையைச் சோதிப்பதே இக்கட்டுரையின் நோக்கம். பெண்பெயரின் பொருள் அகராதியில் இருக்கிறதா, வைத்தவரின் மனத்தில் இருக்கிறதா, அதைப் பதிவேட்டில் எழுதியவரின் பேனாவில் இருக்கிறதா?

2. இதுவரையான புரிதல்கள்

தமிழ் இலக்கண மரபு இக்கேள்வியை முன்பே வேறு வகையில் எழுப்பியிருக்கிறது. பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டில் இயற்றிய நன்னூல், பெயர்களை இடுகுறி என்றும் காரணம் என்றும் பகுக்கிறது. காரணம் சொல்ல முடியாமல் இட்டு வழங்குவது இடுகுறி. காரணம் பற்றி வருவது காரணப்பெயர். இரண்டும் கலந்த காரண இடுகுறி என்னும் வகையும் பேசப்படுகிறது. மனிதரின் பெயர் பெரும்பாலும் இந்த மூன்றாம் வகை என்றே கொள்ளவேண்டும். வைக்கும்போது காரணம் இருக்கும். நாளடைவில் காரணம் மறந்து குறி மட்டும் நிற்கும்.

இரண்டாவது புரிதல் மொழித் தூய்மை சார்ந்தது. 1916இல் தொடங்கிய தனித்தமிழ் இயக்கம் பெயரின் பொருளை அதன் மொழியோடு பிணைத்தது. அதைத் தொடங்கிய வேதாசலம் மறைமலையடிகள் ஆனார். வடசொற்களுக்குத் தமிழ் அகரவரிசை தொகுத்த அவர் மகளோ நீலாம்பிகை என்ற பெயரிலேயே அறியப்பட்டார். தந்தை தம் பெயரை மாற்றிக்கொண்டதும், அவர் வழியில் நின்று உழைத்த மகள் வடமொழிப் பெயரோடே விளங்கியதும், பெயரின் மொழி வேறு, பெயருடையவரின் கொள்கை வேறு என்பதைக் காட்டுகின்றன.

மூன்றாவது சமூகவியல் நோக்கு: பெயர் என்பது சாதி, வர்க்கம், ஊர் ஆகியவற்றின் அடையாளம். தமிழகக் கிராமங்களில் ஒடுக்கப்பட்டோர் 'உயர்ந்த' பெயர் சூட்டிக்கொள்வதை மேலிருந்தோர் விரும்பியதில்லை. -ஆயி, -அம்மா, -அம்மாள் என்ற ஈறுகளுக்கு இடையிலும் ஓர் ஏணி இருந்தது. செல்லாயியும் செல்லம்மாளும் அகராதியில் ஒரே பெயர், கிராமத்தில் அல்ல.

இம்மூன்றும் வேண்டியவையே. ஆனால் இலங்கைத் தோட்டங்களில் நான்காவது ஒன்று குறுக்கிட்டது. பெயர் வைத்தவரின் மொழியை அறியாத ஒருவர் அப்பெயரை எழுதினார். அந்த எழுத்து ஒருவரது கூலியையும் குடியுரிமையையும் தீர்மானித்தது. இதைச் சேர்க்காமல் மலையகப் பெண்பெயரை ஆராய முடியாது.

3. தாய்நிலத்தின் வரைபடம்

1820களில் கம்பளைப் பகுதியில் கோப்பிப் பயிர்ச்செய்கை தொடங்கியது முதல் மதுரை, இராமநாதபுரம், திருச்சி, புதுக்கோட்டை, தஞ்சை, சேலம் பக்கங்களிலிருந்து மக்கள் கங்காணிமாரின் கீழ் அழைத்துவரப்பட்டனர். பெரும்பாலோர் கொண்டுவந்த பொருள் கையளவு. ஆனால் பெண்களின் பெயர்களுக்குள் ஊர்த் தெய்வங்கள் கடல் கடந்தன. ராக்காயி என்ற பெயரின் பின்னால் மதுரை அழகர்மலையின் ராக்காயி அம்மன் இருக்கிறாள். கருப்பாயியின் பின்னால் கருப்பசாமி, இருளாயியின் பின்னால் இருளப்பசாமி, அங்கம்மாவின் பின்னால் அங்காளம்மன், மீனாட்சியின் பின்னால் மதுரை. பழைய தோட்டமொன்றின் பெண்பெயர்ப் பட்டியலைத் தமிழகத்துக் குலதெய்வக் கோயில்களோடு பொருத்திப் பார்த்தால், எழுதப்படாத ஒரு புலப்பெயர்வு வரைபடம் தெரியத் தொடங்கும்.

இப்பெயர்களைத் தலைமுறை கடத்தியதற்கு ஒரு முறையும் இருந்தது. பேரன், பேத்தி ஆகிய சொற்கள் பெயரன், பெயர்த்தி என்பவற்றின் திரிபு. பாட்டன் பாட்டியின் பெயரைத் தாங்குபவர் என்பதே அவற்றின் பொருள். மாமியார் பெயர் பேத்திக்கு வந்துவிட்டால், மருமகள் அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லக் கூசி 'பாப்பா' என்றோ 'குட்டி' என்றோ அழைப்பாள். வீட்டில் ஒரு பெயர், ஏட்டில் ஒரு பெயர் என்ற இரட்டை வழக்கத்துக்கு இந்த மரியாதை ஒரு காரணம்.

அகராதி முற்றிலும் வழிதவறச் செய்யும் பெயர்களும் இப்பட்டியலில் உண்டு. குப்பம்மா, குப்பாயி, பிச்சையம்மா ஆகியவற்றை எடுத்துக்கொள்வோம். சொற்பொருளில் இவை இழிவானவை. வழக்கமோ நேர்மாறு. பிறந்த குழந்தைகள் அடுத்தடுத்து இறந்த வீட்டில், அடுத்துப் பிறந்ததைக் குப்பையில் கிடத்தி எடுத்து, அல்லது பிறர் கையில் கொடுத்துப் பிச்சையாகத் திரும்பப் பெற்று, அப்பெயர் வைப்பார்கள். வேண்டாத பிள்ளை என்று காலனை ஏமாற்றுவது நோக்கம். குப்பம்மா என்பவள் மிகவும் வேண்டப்பட்ட மகள்.

இதற்கு எதிர்முனையில் இருப்பது போதும்பொண்ணு. மதுரை, தேனிப் பகுதிகளில் இன்றும் அறியப்பட்ட பெயர் இது. அடுத்தது ஆணாகப் பிறக்கட்டும் என்ற விண்ணப்பத்தை ஒரு பெண்குழந்தையின் தலையில் எழுதிவைப்பது. சீனத்தில் பெண்ணுக்கு இடும் 'சாவ்தி' என்ற பெயருக்குத் தம்பியை அழைப்பவள் என்று பொருள். மகாராட்டிரத்தில் 'வேண்டாதவள்' என்னும் பொருளில் 'நகுஷி' என்று அழைக்கப்பட்ட 285 சிறுமியர்க்கு 2011 அக்டோபரில் சாத்தாரா மாவட்ட நிர்வாகம் விழா எடுத்துப் புதுப்பெயர் சூட்டியது. குப்பம்மாவும் போதும்பொண்ணும் அகராதியில் பக்கத்துப் பக்கத்தில் நிற்பவர்கள். ஒருத்தியின் பெயர் காப்பு, மற்றவளின் பெயர் ஏமாற்றம்.

பெண்ணுக்குத் தனிப்பெயரே தேவையில்லை என்று கருதிய நாகரிகமும் உண்டு. பழைய உரோமில் மகள்களுக்குக் குடிப்பெயரின் பெண்பால் வடிவமே பெயர். ஜூலியஸ் குடியில் பிறந்தவள் ஜூலியா. இரண்டு மகள் இருந்தால் இருவரும் ஜூலியா, மூத்தவள் இளையவள் என்ற அடையோடு. அந்த ஒப்பீட்டில் வைத்தால், எழுத்தறிவு மறுக்கப்பட்ட தோட்டத்துக் குடும்பம் ஒவ்வொரு மகளுக்கும் ஒரு தெய்வத்தையோ ஒரு பாட்டியையோ தேடிப் பெயரிட்டது சிறிய செய்தியன்று.

4. ஒலி ஒன்று, வேர் பல

ஊவாவில் பல மொழிகளும் பல சமயங்களும் ஒரே மலைச்சரிவில் வாழ்கின்றன. இங்குப் பெயர்கள் ஒன்றையொன்று உரசுகின்றன.

மாரியாயி, மரியாயி என்ற இரு பெயர்களைப் பார்ப்போம். முதலாவதில் உள்ள மாரி, மழையும் அம்மனும். இரண்டாவதில் உள்ளவர் தேவமாதா; எபிரேயத்தின் மிரியாம், கிரேக்க இலத்தீன் மரியா வழியாகக் கத்தோலிக்கரோடு தமிழுக்கு வந்த பெயர். அதே மிரியாம் அரபு வழியாக முஸ்லிம் வீடுகளில் மர்யம். மிரியாமின் வேர்ப்பொருள் குறித்து அறிஞர்களிடையே ஒருமித்த கருத்தில்லை. 'கசப்பு' என்பாரும், எகிப்திய மொழியின் 'அன்புக்குரியவள்' என்பாரும் உண்டு. தமிழ் எழுத்தில் மாரிக்கும் மரிக்கும் ஒரு கால்தான் வேறுபாடு. தோட்டத்தில் அம்மன் கோயிலுக்கும் மாதா சுரூபத்துக்கும் இடையிலுள்ள தூரமும் பலவிடங்களில் அவ்வளவுதான்.

அன்னம்மா இன்னோர் எடுத்துக்காட்டு. கத்தோலிக்க வழக்கில் அது மரியாளின் தாயான அன்னாள், எபிரேயத்தில் 'அருள்'. இந்துக் குடும்பத்தில் அன்னம், சோறு அல்லது அன்னப்பறவை. சவரியம்மாவின் கதை இன்னும் நீண்டது. புனித சவேரியாரின் பெயர் அவர் பிறந்த கோட்டையின் பெயர். அதன் வேர் பாஸ்க் மொழியில் 'புதுவீடு' என்று பொருள்படும். லயம் என்னும் வெள்ளையர் காலத்து வரிசை வீட்டில், பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் வாழ்ந்து மடிந்த ஒரு சவரியம்மா, தன் பெயரின் வேர் புதுவீடு என்று அறிந்திருக்க வழியில்லை. அறிந்திருந்தால் சிரித்திருப்பாள்.

ஆங்கிலம் ஒளிந்திருக்கும் பெயரும் உண்டு. பவுனம்மாவை யாரும் வேற்றுமொழிப் பெயராக நினைப்பதில்லை. ஆனால் பவுன் என்பது தங்க நாணயத்தைக் குறித்து ஆங்கிலப் 'பவுண்ட்' என்ற சொல்லிலிருந்து வந்தது. அதற்கும் அப்பால் எடையைக் குறிக்கும் இலத்தீன் சொல் நிற்கிறது. பக்கத்துச் சிங்களக் கிராமத்தில் ரன் மெனிக்கே இருப்பாள். ரன் என்றால் பொன். மெனிக்கே, நம் மணி மாணிக்கத்தோடு உறவுடைய சொல், கண்டிப் பகுதிப் பெண்களுக்கு வழங்கும் மதிப்புப் பெயர். கொழும்பிலிருந்து பதுளைக்கு வரும் இரு ரயில்களுக்கு உடரட்ட மெனிக்கே, பொடி மெனிக்கே என்றே பெயர். பொன்னம்மாவும் பவுனம்மாவும் ரன் மெனிக்கேயும் மொழியால் பிரிந்து, மகளைப் பொன்னாகக் காணும் ஆசையால் ஒன்றுபடுகிறார்கள்.

இவற்றுள் ஊவாவுக்கே உரிய பெயர் வள்ளி. கதிர்காமம் ஊவா மாகாணத்தின் மொனராகலை மாவட்டத்தில் இருக்கிறது. தமிழில் வள்ளி கொடியையும் அதன் கிழங்கையும் குறிக்கும். தமிழக மரபில் அவள் மலைக்குறவர் மகள். இலங்கை மரபில் அவள் கதிர்காமத்து வேடர் மகள். தமிழரும் சிங்களரும் வேடரும் அவளைத் தம்மவளாகக் கொள்கின்றனர். தமிழ்நாட்டிலிருந்து வந்த வள்ளியம்மா என்ற பெயர் ஊவாவில் இறங்கியபோது, சொந்த ஊருக்கே வந்து சேர்ந்தது. அவளுக்கு இணையான தெய்வானையோ வடமொழித் தேவசேனா; தேவரின் படை என்று பொருள். தமிழ் அதைத் தெய்வயானை என்று கேட்டு, யானையைச் சேர்த்துக்கொண்டு, பிறகு தெய்வானை ஆக்கியது. வேரை மறந்து காது புதுப்பொருள் படைத்துக்கொள்வது பெயர்களின் இயல்பு என்பதற்கு இது நல்ல சான்று.

இச்சான்றுகள் காட்டுவது இது: வேர்ச்சொல் ஆராய்ச்சி ஒரு பெயர் கடந்துவந்த பாதையைச் சொல்லும். அதைத் தாங்கிய பெண் யார் என்பதைச் சொல்லாது.

5. பெயரை எழுதிய கை

தோட்டம் ஆளைப் பெயரால் அறிவதற்கு முன் எண்ணால் அறிந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இந்தியாவிலிருந்து புறப்பட்ட தொழிலாளருக்குத் தோட்டத்தின் அடையாளமும் எண்ணும் பொறித்த தகரவில்லை கொடுக்கப்பட்டது. தோட்டத்தில் சேர்ந்ததும் பெயர் செக்ரோல் என்னும் தொழிலாளர் பதிவேட்டில் ஏறும். 'பேர் பதிஞ்ச ஆள்' என்ற தோட்டத்துச் சொற்றொடர் இன்றும் வழக்கிலிருக்கிறது. பெயர் பதிந்தவருக்கு நிரந்தர வேலை உண்டு; மற்றவர் கைக்காசுக்காரர். பெயர் என்பது இங்கு உரிமையின் பெயர்.

அந்தச் செக்ரோல் ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. ஆங்கில எழுத்தில் குறில் நெடில் காட்ட உறுதியான முறை கிடையாது. மாரியாயியும் மரியாயியும் அங்கு ஒரே எழுத்துக்கோவை ஆகிவிடுவர். லெட்சுமி, லட்சுமி, இலக்குமி என்று தமிழிலேயே மூன்றாக வழங்கும் பெயர் கிளாக்கரின் பேனாவில் இன்னும் சிதறும். பெயர் பெண்ணுடையதாக இருந்தும் கூலியைக் கணவனோ தகப்பனோ பெற்றுக்கொள்ளும் வழக்கம் நெடுங்காலம் நிலவியது. ஏட்டில் அவள் பெயர், கையொப்பம் அவனுடையது.

சுதந்திரத்துக்குப் பின் இந்த எழுத்துக் குழப்பத்துக்கு விலை ஏறியது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்ட மக்களை நாடற்றவர்களாக்கியது. 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஏறக்குறைய 8,24,000 பேருக்காக விண்ணப்பிக்கப்பட்டு, சுமார் 1,34,000 பேருக்கே பிரஜாவுரிமை கிடைத்தது. இத்தனை ஆண்டு தொடர்ந்து இந்நாட்டில் வசித்தேன் என்று தாளால் நிறுவவேண்டிய காலம் அது. அப்போது செக்ரோலில் உள்ள பெயரும் பிறப்புப் பதிவில் உள்ள பெயரும் வாயால் சொல்லும் பெயரும் ஒரே ஆளுடையவை என்று காட்டுவதே ஒரு வழக்காயிற்று. 1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று எண்ணால் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். நாடற்றோர் பிரச்சினைக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை முழுத்தீர்வு வரவில்லை.

1956ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டத்துக்குப் பின் பேனா சிங்களத்துக்கு மாறியது. சிங்கள எழுத்து குறில் நெடிலைக் காட்டும். அந்த வகையில் மாரியும் மரியும் பிழைத்தார்கள். வேறு சிக்கல்கள் தோன்றின. தமிழில் 'க' ஒன்றே. சிங்களத்தில் வல்லொலிக்கும் மெல்லொலிக்கும் வெவ்வேறு எழுத்து. கோமதியை எழுதுபவர் தம் காதை நம்பி ஒன்றைத் தேர்ந்தெடுக்கவேண்டும். ழகரத்துக்குச் சிங்களத்தில் எழுத்தே இல்லை. தமிழ்ச்செல்வி, கனிமொழி, யாழினி ஆகிய பெயர்கள் சிங்களத்தில் ளகரமாகச் சென்று, மீண்டும் தமிழுக்கு வரும்போது தமிள்ச்செல்வி, யாளினி என்று வந்து நிற்கும்.

ஒரு பெண்ணைக் கற்பனை செய்துகொள்வோம். பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் சிங்களத்தில் எழுதிய ஒரு வடிவம், செக்ரோலில் ஆங்கிலத்தில் ஒரு வடிவம், தேசிய அடையாள அட்டையில் மூன்றாவது. ஊழியர் சேமலாப நிதியைப் பெறப்போகும் 50 வயதில், மூன்றும் நானே என்று அவள் சத்தியக்கடதாசி முடிக்கவேண்டும். அவள் பெயர் புவனேஸ்வரி, உலகத்தின் அரசி. உலகை ஆளும் பொருள் அகராதியில் இருக்கிறது. சமாதான நீதவானின் முத்திரைக்காக வரிசையில் நிற்கும் பொருள் அவள் வாழ்க்கையில் இருக்கிறது.

ஏட்டுக்கும் வாழ்க்கைக்கும் உள்ள இந்த இடைவெளியை ஒரு நிகழ்வு கடுமையாக உணர்த்தியது. 2014 அக்டோபர் 29 காலையில், பூனாகலைக்கு அயலிலுள்ள கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. முதல் நாட்களில் நூற்றுக்கணக்கானோர் மாண்டதாகச் சொல்லப்பட்ட எண்ணிக்கை பின்னர் பெரிதும் குறைந்தது. மண்ணுக்குள் எத்தனை பேர் என்று அறிய, அங்கே யார் யார் வாழ்ந்தார்கள் என்ற பட்டியல் வேண்டும். செக்ரோல் வேலை செய்பவரை அறியும். வேலையிலிருந்து நின்றுவிட்ட பாட்டியையும், பாடசாலைக்குப் போகாத பேத்தியையும் அது அறியாது.

6. புதுப்பெயர்கள் பொருளற்றவையா?

பெயரிடும் வழக்கின் மாற்றம் வானொலியோடும் திரையோடும் விரைவு பெற்றது. சரோஜா, பத்மினி, வசந்தகுமாரி, ஜெயந்தி என்ற பெயர்கள் லயங்களுக்கு வந்தன. சரோஜாவும் பத்மினியும் வடமொழித் தாமரைகளே. ஆனால் பெயரிட்டவர் மனத்தில் பூத்தது திரை நடிகை. சுஜாதா 'நற்பிறப்பினள்'. பௌத்தருக்கு அவள் புத்தருக்குப் பாற்சோறு ஈந்தவள். 1970களின் தமிழ்ப் பெற்றோருக்கு அவள், காலியில் பிறந்து தமிழ்த் திரையில் புகழ்பெற்ற நடிகை. மல்லிகா, சாந்தி, சந்திரிகா, குமாரி போன்றவை தமிழ் வீட்டிலும் சிங்கள வீட்டிலும் ஒருசேர ஒலித்தன.

அடுத்து வந்தவை -இனி, -ஷா, -ஷினி ஈற்றுப் பெயர்கள். பிரியதர்ஷினி, ரோஷினி, நிரோஷா. இவற்றுள் சில அகராதிக்கு உட்பட்டவை. பிரியதர்ஷினி 'இனிய தோற்றத்தாள்', ரோஷினி பாரசீக ஒளி. சில எந்த மொழியிலும் அடங்காதவை. பெற்றோர் பெயர்களின் எழுத்தைச் சேர்த்தும், நட்சத்திர பாதத்துக்குரிய எழுத்தில் தொடங்கியும் உருவாக்கப்படுபவை. அசுவினி நட்சத்திரம் என்றால் சு, சே, சோ, லா என்ற எழுத்துகளில் ஒன்றைத் தேடுவர். 'பொருளற்ற பெயர்' என்ற ஏளனம் இவற்றின் மீது அடிக்கடி விழுகிறது.

இந்த ஏளனத்தில் பாதி உண்மை உண்டு. ராக்காயியும் இருளாயியும் மறைந்ததோடு அந்தப் புலப்பெயர்வு வரைபடமும் மறைகிறது. பாட்டி பெயரைத் தாங்காத பேத்தி, சொல்லளவில் மட்டுமே பேத்தி. ஆனால் மறுபாதியையும் எடைபோடவேண்டும். காளியம்மா, ராமாயி என்ற பெயரைக் கேட்டதும் கேட்பவர் மனத்தில் லயமும் கொழுந்துக்கூடையும் எழுகின்ற சமூகத்தில், கொழும்பில் நேர்முகத் தேர்வுக்குப் போகும் மகளுக்குத் தாய் தரக்கூடிய கவசங்களில் ஒன்று அடையாளம் காட்டாத பெயர். 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்முறைகளைக் கண்ட தலைமுறைக்கு, சிங்களக் காதுக்கும் பழகிய பெயர் ஆபத்துக் குறைந்த பெயராகவும் தோன்றியிருக்கும். பழைய பெயர்களும் முழுச் சுதந்திரத்தில் பிறந்தவையல்ல. சாதி அனுமதித்த எல்லைக்குள் தேர்ந்தவை. நிரோஷாவுக்கு அகராதிப் பொருள் இல்லாமலிருக்கலாம். 'என் மகளைப் பெயரை வைத்து எடைபோடாதீர்கள்' என்ற பொருள் அதில் இருக்கிறது. குப்பம்மா காலனை ஏமாற்ற வைத்த பெயர் என்றால், நிரோஷா சமூகத்தை ஏமாற்ற வைத்த பெயர். இரண்டும் காப்புப் பெயர்களே.

7. முடிவு

ஊவாத் தோட்டப் பெண்பெயர்கள் தமிழ், வடமொழி, எபிரேயம், அரபு, பாரசீகம், பாஸ்க், ஆங்கிலம், சிங்களம் ஆகிய மொழிகளின் தடங்களைச் சுமக்கின்றன. அவற்றின் வேர்ப்பொருள் அறியத்தக்கது. ஆனால் அது பெயரின் பொருளில் ஒரு பகுதி மட்டுமே. பெயரிடும் கை எதற்கு அஞ்சியது, எதை விரும்பியது என்பது ஒரு பகுதி. எழுதும் கை எந்த மொழியைச் சேர்ந்தது, யாருக்காக எழுதியது என்பது மற்றொரு பகுதி. தொழிற்சங்க முன்னோடி நடேசய்யரோடு 1930களில் தோட்டக் கூட்டங்களில் தாமே இயற்றிய பாடல்களைப் பாடிய மீனாட்சியம்மாளின் பெயர் நூல்களில் நிற்கிறது. அப்பாடல்களைக் கேட்டு நின்ற ராமாயிகளின் பெயர்களுக்கு இருந்த ஏடு செக்ரோல் ஒன்றே. அதுவும் பல தோட்டங்களில் கரையானுக்கு இரையாகிக்கொண்டிருக்கிறது.

எனவே ஒரு வேண்டுகோள். பூனாகலையிலும் அயல் தோட்டங்களிலும் உள்ள பாடசாலைகளில், ஒவ்வொரு மாணவரும் தம் தாய், பாட்டி, பூட்டி, அவருக்கு முந்தியவர் ஆகிய நால்வரின் பெயர்களை, வீட்டில் அழைத்தபடியே தமிழில் எழுதிவரட்டும். பெயர் வந்த காரணம் தெரிந்தால் ஒரு வரி சேர்க்கட்டும். ஆசிரியர்கள் அதை ஒரு கொப்பியில் தொகுத்துப் பாடசாலை நூலகத்தில் வைக்கட்டும். பெயர் தெரிந்த பாட்டிகள் இன்னும் சிலர் உயிரோடு இருக்கிறார்கள்.